ஓலைக்கு இனம் ஏது?

அலுவிகாரைக்கு மாணவரை அழைத்துச் செல்லும்போதெல்லாம் ஒரே வரலாற்றைக் கேட்கிறோம். கி. மு. முதலாம் நூற்றாண்டில், வட்டகாமணி அபய மன்னன் காலத்தில், பஞ்சத்தாலும் போராலும் நெஞ்சில் நின்ற மறை அழிந்துபோகுமென அஞ்சிய பிக்குமார் இங்கே கூடித் திரிபிடகத்தை ஓலையில் எழுதினர் என்பது மரபு. போற்றத்தக்க செயலே! ஆனால் மன்னனும் துறவியும் நிற்கும் இவ்வரலாற்றில் ஓலை வெட்டியவன் எங்கே?

தாளிப்பனையின் ஓரிலை ஐந்து மீற்றர் அகலம் வரை விரியும். பல பத்தாண்டுகள் வளர்ந்து, ஒரே முறை பூத்துக் காய்த்து அம்மரம் மடியும். அதன் விரியாத குருத்தை வெட்டி, ஈர்க்கு நீக்கி, அவித்து, உலர்த்தி, தேய்த்து மெருகிட்ட பின்னரே ஓலை எழுத்தாணியை ஏற்கும். கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சிறைப்பட்டிருந்த ரொபர்ட் நொக்ஸ், ஓரிலை பதினைந்து இருபது பேரை நனையாமற் காக்குமென 1681இல் வெளியான தன் நூலிற் குறித்தான். குடியானவனுக்குக் குடையும், படைவீரனுக்குக் கூடாரமும், பஞ்சத்தில் தண்டின் மாவும் தந்த மரம் அது. இவை யாவும் பெயரற்ற கைகளின் உழைப்பு.

அக்கைகளை மறைத்துவிட்டால், ஓலைக்கு இனமுத்திரை குத்துவது எளிது. 'தாளி எமது, பனை உமது' என்பார் ஒருசாரார்; பனையன்றித் தமிழுக்கு வேறு மரமில்லை என்பார் மறுசாரார். இருவரும் அறியாமையையே பெருமையாக்குகின்றனர். தென்னிந்தியரும் தாளியோலையில் ஏடெழுதினர். அதனைச் சீதாளம் என்றனர். ஓலை கிழியாதிருக்கவே சிங்கள எழுத்து வளைந்ததென்பர். ஓலை பொத்துவிடுமென்றே தமிழ் ஏட்டிற் புள்ளி மறைந்ததென்பர். இருமொழியும் பயின்ற பள்ளி ஒன்றே!

எரித்த தீயும் ஒன்றே. நாய்க்கும் துப்பாக்கிக்கும் வண்டிக்கும் வரி விதித்த ஆங்கில ஆட்சியை எதிர்த்து 1848இல் மாத்தளைக் குடியானவர் கிளர்ந்தபோது, அலுவிகாரையின் ஏடுகள் அழிந்தன. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது, ஏறத்தாழ 97,000 நூல்களோடு ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. எரித்தோருள் பொலிஸாரும் இருந்தனர். முதற் தீக்கு மட்டும் அழுபவனும், இரண்டாம் தீக்கு மட்டும் அழுபவனும் ஓலைக்காக அழவில்லை. தன் இனச் செருக்குக்காகவே அழுகிறான்.

இன்னுமொன்று. கோப்பித் தோட்டங்களை நோக்கி மன்னார்க் கரையிலிருந்து நடந்துவந்த தமிழ்த் தொழிலாளர், பசியிலும் நோயிலும் தம்மவரை வழியெங்கும் புதைத்துவிட்டு, இவ்விகாரையை அண்டிய வடக்கு வீதியாலேயே மாத்தளைக்குள் புகுந்தனர். அவர்தம் பெயரை எந்த ஓலையும் தாங்கவில்லை. 1948இல் அவர்தம் வழித்தோன்றல்களின் குடியுரிமையைப் பறித்த சட்டமோ நல்ல தாளிலேயே அச்சாயிற்று!

ஆசிரிய நண்பர்களே, அடுத்தமுறை மாணவரோடு அக்குகை வாயிலில் நிற்கும்போது, மன்னன் பெயரிலிருந்து தொடங்காதீர்கள். குருத்தை வெட்டியவனிலிருந்து தொடங்குங்கள். இரு தீயையும் ஒரே பாடத்திற் கற்பியுங்கள். அதற்கு அஞ்சும் கல்வி, எழுத்தறிவைத் தரலாம், அறிவைத் தராது.