தொழுகை நேரம் காட்டும் செயலி நம்மை யாரிடம் காட்டிக் கொடுக்கிறது?

பாங்கு நேரம் பார்க்க ஒரு செயலி, கிப்லா திசை அறிய ஒரு செயலி, குர்ஆன் ஓத இன்னொரு செயலி. இன்று நம் குடும்பங்களில் இவற்றில் ஒன்றாவது இல்லாத கைப்பேசி அரிது. பெரும்பாலானவை இலவசம். இலவசமாகத் தருபவருக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது என்று நாம் கேட்பதில்லை. தகவல் பாதுகாப்புத் துறையின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதைக் கேட்டார்கள். கிடைத்த விடை நம் சமுதாயத்துக்கு நேரடியாகத் தொடர்புடையது.

2022-இல் வெளிவந்த உண்மை

அமெரிக்காவில் பெர்க்லி நகரிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த செர்ஜ் எகல்மேனும், கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோயல் ரியர்டனும் ஆண்ட்ராய்டு செயலிகளை நீண்ட காலமாக ஆராய்ந்து வருபவர்கள். செயலியைத் தங்கள் சோதனைக் கைப்பேசியில் ஓடவிட்டு, அது எந்தத் தகவலை எடுக்கிறது, எந்த முகவரிக்கு அனுப்புகிறது என்று பார்ப்பதே இவர்களின் முறை. செயலி என்ன சொல்கிறது என்பதை விட்டுவிட்டு, என்ன செய்கிறது என்பதை மட்டும் பார்ப்பார்கள்.

பல செயலிகளுக்குள் ஒரே நிரல் தொகுப்பு இருப்பதை அவர்கள் கண்டறிந்தனர். பனாமாவில் பதிவு செய்யப்பட்ட 'மெஷர்மென்ட் சிஸ்டம்ஸ்' என்ற நிறுவனம் அதைச் செயலி தயாரிப்பாளர்களுக்குப் பணமும் கொடுத்துச் சேர்க்க வைத்திருந்தது. 1 கோடிக்கும் மேல் பதிவிறக்கம் செய்யப்பட்ட 'அல்-மோஅஸின் லைட்' என்ற தொழுகை நேரச் செயலியிலும், ஒரு கிப்லா செயலியிலும் அது இருந்தது. துல்லியமான இருப்பிடம், தொலைபேசி எண், மின்னஞ்சல், வீட்டு வைஃபை கருவியின் அடையாள எண் போன்றவை இந்தத் தொகுப்பின் வழியாகச் சென்றன. வாட்ஸ்அப் பதிவிறக்கக் கோப்புறையைத் துழாவும் திறனும் அதற்கு இருந்தது.

இந்த நிறுவனத்துக்கும், அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்கு வேலை செய்யும் வர்ஜீனியா மாநில ஒப்பந்ததாரர் ஒருவருக்கும் நிறுவனப் பதிவுகளின் வழியே தொடர்பு இருப்பதாக 2022 ஏப்ரலில் 'வால் ஸ்ட்ரீட் ஜர்னல்' எழுதியது. நிறுவனம் மறுத்தது. கூகுள் அதற்கு முன்பே, மார்ச் மாதத்தில், அந்தச் செயலிகளைத் தன் கடையிலிருந்து நீக்கியிருந்தது. ஆய்வாளர்கள் தங்கள் முடிவுகளைச் சுற்றுக்கு விட்டதும் அந்த நிரல் தகவல் சேகரிப்பதைத் தானாகவே நிறுத்திக்கொண்டது என்பதும் கவனிக்கத்தக்கது.

முன்பும் நடந்ததே

2020 நவம்பரில் 'முஸ்லிம் புரோ' செயலி பற்றிய செய்தி உலகெங்கும் பரபரப்பானது. பயனர்களின் இருப்பிடத் தகவல் 'எக்ஸ்-மோட்' என்ற தரகு நிறுவனத்துக்குச் சென்றதையும், அந்தத் தரகரின் வாடிக்கையாளர்களில் அமெரிக்க ராணுவ ஒப்பந்ததாரர்கள் இருந்ததையும் 'மதர்போர்டு' இதழ் வெளிக்கொண்டுவந்தது. ராணுவத்துக்குத் தகவல் விற்றதாகச் சொல்வது தவறு என்று மறுத்த முஸ்லிம் புரோ, தரகர்களுடனான உறவுகளை முறித்துக்கொள்வதாக அறிவித்தது. 2024 ஜனவரியில் அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம், வழிபாட்டுத் தலங்கள் போன்ற இடங்களோடு தொடர்புடைய இருப்பிடத் தகவலை விற்க எக்ஸ்-மோடுக்குத் தடை விதித்தது.

இங்கே ஒன்றில் நிதானம் தேவை. பனாமா நிறுவனத்தின் அதே நிரல், சாலையில் வேகக் கண்காணிப்புக் கேமராவைக் காட்டும் செயலியிலும், கியூஆர் கோடு படிக்கும் செயலியிலும் இருந்தது. ஆகவே முஸ்லிம்களை மட்டும் குறிவைத்த சதி என்று வாட்ஸ்அப்பில் பரப்புவது உண்மைக்குப் புறம்பானது. தகவல் சந்தைக்கு எல்லாரும் சரக்குதான். ஆனால் தொழுகைச் செயலியிலிருந்து செல்லும் தகவல், அதை வைத்திருப்பவர் யார் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது. நம் கவலைக்குரிய இடம் அதுதான்.

'பெயர் இல்லையே' என்ற சமாதானம்

பெயரை நீக்கிவிட்டுத்தான் தகவலை விற்கிறோம் என்பது தரகர்கள் வழக்கமாகச் சொல்லும் பதில். இதை 2013-இலேயே ஓர் ஆய்வு உடைத்துவிட்டது. டி மோன்ட்ஜோய் தலைமையிலான குழு, 15 லட்சம் பேரின் 15 மாத கைப்பேசி நடமாட்டத்தை ஆராய்ந்தது. எங்கே, எப்போது இருந்தார் என்ற 4 புள்ளிகள் கிடைத்தாலே போதும், 95 சதவீதம் பேரைக் கூட்டத்திலிருந்து தனியாகப் பிரித்துவிடலாம் என்று கண்டது. இரவில் எந்த வீடு, பகலில் எந்தக் கடை, பஜ்ருக்கு எந்தப் பள்ளிவாசல், வெள்ளிக்கிழமை எந்த ஊர்? இதற்கு மேல் பெயர் எதற்கு?

அனுமதி என்பது நமக்குப் புதிதல்ல

"மறைக்க நம்மிடம் என்ன இருக்கிறது?" என்று சிலர் கேட்கிறார்கள். மார்க்கம் அப்படிக் கேட்கவில்லை. அடுத்தவர் வீட்டுக்குள் அனுமதியும் ஸலாமும் இன்றி நுழைவதை சூரா அந்நூர் தடுக்கிறது. பஜ்ருக்கு முன், நண்பகல் ஓய்வில், இஷாவுக்குப் பின் ஆகிய மூன்று நேரங்களில் வீட்டிலுள்ள சிறுவர்களும்கூட அனுமதி கேட்டே உள்ளே வர வேண்டும் என்கிறது. துருவித் துருவி ஆராய்வதை சூரா அல்ஹுஜுராத் தடை செய்கிறது. இவையெல்லாம் குற்றவாளிகளுக்கான ஏற்பாடு அல்ல, கண்ணியமான குடும்பங்களுக்கானவை. நம் நாட்டின் உச்ச நீதிமன்றமும் 2017 ஆகஸ்டில், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் அமர்வில் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது.

என்ன செய்யலாம்?

செயலியைக் கண்டு பயந்து ஓட வேண்டியதில்லை. தொழுகை நேரத்துக்கு ஊர்ப் பெயர் போதும். நீங்கள் எந்தத் தெருவில் நிற்கிறீர்கள் என்பது தேவையில்லை. எனவே இருப்பிட அனுமதியை மறுத்துவிட்டு ஊரைக் கையால் தேர்வு செய்யுங்கள். கிப்லாவுக்குத் தோராய இருப்பிடம் போதும். புதிய கைப்பேசிகளில் துல்லிய இருப்பிடத்தை அணைக்கும் வசதி உண்டு. 'பயன்படுத்தும்போது மட்டும்' என்பதைத் தாண்டி எந்த அனுமதியும் தராதீர்கள். தொடர்புப் பட்டியலைக் கேட்கும் தொழுகைச் செயலியை நீக்கிவிடுங்கள். வீட்டுப் பெரியவர்களின் கைப்பேசியில் இதைச் செய்துகொடுப்பது பிள்ளைகளின் பொறுப்பு.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் ஒரு வார்த்தை. நிக்காஹ் பதிவுக்கும் உதவித்தொகைக்கும் வாங்கும் ஆதார் நகல்களை வாட்ஸ்அப் குழுக்களில் போடாதீர்கள். ஏழையின் விண்ணப்பம் நம் கையில் உள்ள அமானிதம். பிறர் நம் தகவலை எடுத்ததைக் கண்டிக்கும் நாம், நம்மிடம் நம்பித் தரப்பட்டதைச் சிந்தவிடலாமா?

இந்த உண்மைகளை நமக்குத் தெரிவித்தவர்கள் நம் சமுதாயத்தைச் சேர்ந்தவர்கள் அல்லர். பொறியியல் படிக்கும் நம் பிள்ளைகள் வேலைக்கான படிப்போடு நின்றுவிடாமல் இத்துறையில் ஆய்வுக்கும் வர வேண்டும். மக்களின் அந்தரங்கத்தைக் காப்பதும் சேவைதான்.

வல்ல அல்லாஹ் நம் குடும்பங்களின் கண்ணியத்தைப் பாதுகாப்பானாக!