பொம்மை நம்முடையது, உருவம் யாருடையது?

பிழைப்பின் பொருட்டுத் தாயகம் விட்டு வந்து குடியேறிய நம் குடும்பங்களில், ஓய்வு நேரத்தை வீணாக்காத தாய்மார்கள் பலர். குரோஷா ஊசியால் பொம்மை பின்னுவோர் ஒருபுறம். தலையணை உறையில் பூத்தையல் போடுவோர் மறுபுறம். நவராத்திரித் தாம்பூலப் பைகளும் பிறந்த நாள் பரிசுகளும் செய்து தருவோர் இன்னொருபுறம். வாடகையும் பள்ளிக் கட்டணமும் போக ஒற்றைச் சம்பளத்தில் மிஞ்சுவது சொற்பம். அந்நிலையில் இல்லத்தரசியின் கைவேலையால் வரும் சிறு வருவாய் எத்துணைப் பெரிய துணை என்பதை நாம் அனைவரும் அறிவோம். ஆதலின், அவ்வருவாய்க்கே ஊறு விளைவிக்கக்கூடிய ஒரு விஷயத்தை இம்மாதம் சற்று விரிவாகப் பேச விரும்புகிறோம்.

இன்று குழந்தைகள் கேட்பவை கிளியும் மயிலும் அல்ல. மிக்கி மௌஸ் வேண்டும், டோரேமான் வேண்டும், சோட்டா பீம் வேண்டும் என்கின்றனர். அவ்வுருவங்களைச் செய்து வைத்தால் உடனே விலை போகின்றன. “நூல் நாம் வாங்கியது, கை நம்முடையது, உழைப்பும் நம்முடையது. இதில் பிறருக்கு என்ன பாத்தியதை?” என்று சகோதரிகள் வினவுகின்றனர்.

ரயில்வே அலுவலகத்தில் பேனா பிடிக்கும் நமக்கு ஓர் உவமை எளிதில் தோன்றுகிறது. மூட்டை ஒருவர் தலையில் இருக்கும். ரசீதோ வேறொருவர் பெயரில் இருக்கும். சுமந்தவர் கூலிக்கு உரியவர். மூட்டைக்கு உரியவர் அல்லர். பொம்மை விஷயமும் அத்தகையதே. நூலும் உழைப்பும் நம்முடையவை. உருவமோ அதைப் படைத்தவருடையது.

நம் நாட்டில் இதனைக் கூறுவது 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம். பதிப்புரிமை என்றவுடன் புத்தகம் ஒன்றே நினைவுக்கு வருகிறது. ஆனால் ஓவியம், சித்திரம், சிற்பம் ஆகியவையும் அச்சட்டத்துள் அடங்கும். ஒரு சித்திரத்தை எந்தப் பொருளில் படியெடுத்தாலும் அது படியெடுத்தலே. தாளில் உள்ள படத்தைப் பஞ்சு பொம்மையாக்கினாலும், அது முப்பரிமாணத்தில் செய்த படி என்றே சட்டம் கருதும். அவ்வுரிமை சித்திரம் பிறந்தபொழுதே பிறந்துவிடும். பதிவு செய்திருக்க வேண்டுவதில்லை. இதனுடன் 1999ஆம் ஆண்டின் வணிகக் குறிச் சட்டமும் உண்டு. புகழ்பெற்ற உருவங்களின் பெயர்களையும் தோற்றங்களையும் நிறுவனங்கள் பெரும்பாலும் வணிகக் குறிகளாகவும் பதிந்து வைத்துள்ளன.

நம்மவர் கூறும் சமாதானங்கள் சிலவற்றைப் பார்ப்போம். “பத்துப் பொம்மைகள்தாமே விற்கிறோம்” என்பர். இத்தனைக்குக் கீழ் விற்றால் குற்றமில்லை என்று சட்டம் எங்கும் கூறவில்லை. “நிறத்தை மாற்றிவிட்டோம்” என்பர். பார்த்தவுடன் குழந்தை பெயர் சொல்லிக் கூவுமானால், நிறம் மாறியதால் பயனில்லை. “இணையத்தில் பின்னல் முறை இலவசமாகக் கிடைத்தது” என்பர். அதை எழுதியவர் தம்முடையதைத் தரலாம். பிறருடைய உருவத்தைத் தர அவருக்கும் உரிமை இல்லை. “இன்னாருடைய படைப்பு என்று எழுதிவிட்டோம்” என்பர். நன்றி கூறுவது நற்பண்பே. எனினும் அது அனுமதி ஆகாது. அனுமதி உரியவரிடமிருந்து எழுத்தில் வர வேண்டும்.

மீறினால் நேர்வது யாது? இணைய அங்காடியில் விற்போருக்குப் பெரும்பாலும் முதலில் வருவது புகார். பொருள் நீக்கப்படும், புகார்கள் பெருகினால் கடையே மூடப்படும். பல மாதங்கள் பாடுபட்டுச் சேர்த்த வாடிக்கையாளர் ஒரே நாளில் கைவிட்டுப் போவர். நீதிமன்றம் தடையும் விதிக்கலாம்; இழப்பீடும் கேட்கப்படலாம். தெரிந்தே மீறியோர்க்கு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் சட்டத்தில் உள்ளன. இக்குற்றத்தில் காவல்துறை நேரடியாக வழக்குப் பதியலாம் என்று உச்ச நீதிமன்றமும் 2022இல் கூறியுள்ளது. அச்சுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. அறியாமல் அகப்படலாகாது என்பதற்காகவே எழுதுகிறோம்.

இனி, ஆறுதலான பகுதிக்கு வருவோம். தம் குழந்தையின் சட்டையில் மிக்கியைத் தைப்பதையோ, வீட்டுக் கொலுவில் தாமே செய்த சோட்டா பீமை வைப்பதையோ எண்ணி எவரும் கலங்க வேண்டுவதில்லை. சொந்த உபயோகத்திற்கான நியாயமான கையாளுதலைச் சட்டம் விலக்கி வைத்துள்ளது. விலை வைக்கும்போதுதான் சங்கடம் தொடங்குகிறது.

மேலும், கருத்து எவருக்கும் தனியுடைமை அன்று. அதற்கு ஒருவர் கொடுத்த வடிவமே உடைமை. மகாபாரதத்துப் பீமன் நம் அனைவருக்கும் பொது. கதை தாங்கிய பீமனை நம் கற்பனையில் எப்படியும் செய்யலாம். ஐதராபாத்தில் உருவாகி 2008 முதல் தொலைக்காட்சியில் வரும் அந்த வேட்டி கட்டிய சிறுவனோ, அவனைப் படைத்த நிறுவனத்தின் சொத்து.

பழைய ஓவியங்களுக்குக் காலக் கணக்கு உண்டு. ஓவியர் மறைந்த பின் 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கும். ராஜா ரவிவர்மா 1906இல் மறைந்தார். அவர் தீட்டிய லட்சுமியையும் சரஸ்வதியையும் இன்று யாரும் துணியில் தைத்து விற்கலாம். நம் பத்திரிகைகளில் படம் வரைந்து நம் நெஞ்சில் இடம்பெற்ற கோபுலு 2015இல் மறைந்தார். அவருடைய சித்திரங்களுக்கு 2075ஆம் ஆண்டு முடிய உரிமை உண்டு. பழகிய படம் என்பதால் பொதுப்படம் என்று எண்ணிவிடலாகாது.

இவ்வளவும் பெரிய நிறுவனங்களைக் காக்கும் ஏற்பாடுதானே என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். அப்படியன்று. கேரளத்தில் ‘போபனும் மோளியும்’ என்ற சித்திரக் குழந்தைகளைப் படைத்த டாம்ஸ் என்னும் வி.டி. தாமஸ், தாம் பணியாற்றிய பத்திரிகை நிறுவனத்தைவிட்டு விலகியபின், அவ்வுருவங்களை வேறிடத்தில் வரையலாகாது என்று வழக்கு எழுந்தது. பணியில் சேருமுன்பே அவர் படைத்த உருவங்கள் அவை. அவர் தொடர்ந்து வரையலாம் என்று கேரள உயர் நீதிமன்றம் 1988இல் வழிவிட்டது. ஆக, இச்சட்டம் தனி மனிதரின் கைக்கும் அரணாகும்.

அந்த அரணுக்குள் நாம் ஏன் குடிபுகலாகாது? நம் வீட்டுப் பெண் தானே கற்பித்த ஒரு பூனைக்கோ, கொண்டையிட்ட பாட்டிக்கோ, பஞ்சதந்திரத்து நரிக்கோ அவளே உரிமையாளர். நாளை வேறொருவர் அதைப் பார்த்துச் செய்து விற்றால், தடுக்கும் உரிமையும் அவளுக்கு உண்டு. இதற்காக முதல் வரைபடத்தைத் தேதியிட்டுப் பாதுகாக்க வேண்டும். செய்த பொருளைப் படம் பிடித்தும் வைக்க வேண்டும். ஒரே உருவத்தை 50க்கு மேல் செய்து விற்கக் கருதுவோர், 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டப்படி பதிவு செய்வது பற்றி, விற்பனைக்கு வைக்கும் முன்பே வழக்கறிஞரைக் கேட்டறிதல் நலம்.

மொத்தச் சந்தையில் சித்திர உருவம் அச்சிட்ட துணி வாங்கிப் பை தைப்போர், அது உரிமம் பெற்ற துணிதானா என்று விசாரித்து, ரசீதையும் பத்திரப்படுத்துக. போலித் துணியில் தைத்ததை விற்றாலும் பொறுப்பு வந்து சேரும்.

நவராத்திரியும் தீபாவளியும் வரும் பருவத்தில் சங்கங்கள்தோறும் விற்பனைக் கூடங்கள் அமைவது வழக்கம். அங்கே சொந்தக் கற்பனையில் பிறந்த பொருள்களுக்கு முன்வரிசை தரலாம் என்பது நமது யோசனை. முதல் ஆண்டு விற்பனை சற்றுக் குறையலாம். ஆனால் பிறர் உருவத்தால் வரும் வாடிக்கையாளர் அவ்வுருவத்தைத் தேடி வருகிறார். நம் உருவத்தால் வருபவரோ நம்மைத் தேடி வருவார்.