துண்டறிக்கையில் இல்லாத கறி

அம்மாவால் ஊறுகாய் பாட்டிலின் மூடியைத் திருகித் திறக்க முடியவில்லை. நாற்பது வருசம் நாற்று நட்ட கை. களை பறித்த கை, கதிர் அறுத்த கை. ஒரு மூடிக்கு என்னைக் கூப்பிடுகிறது. "வயசாயிடுச்சுப்பா, வேற என்ன" என்கிறாள்.

மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். நோய் ஒன்றுமில்லையாம். சத்தாகச் சாப்பிடச் சொல்லி ஒரு துண்டறிக்கை கொடுத்தார்கள். பால், பன்னீர், பாதாம், முளைகட்டிய பயறு, பழம். அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். முழுசும் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "இதுல நாம திங்கறது ஒண்ணும் இல்லியே?"

அந்தக் கேள்வியைத்தான் தோழர்கள் முன் வைக்கிறோம்.

முதுமை வேறு, நலிவு வேறு. லிண்டா ஃபிரைடு என்கிற அமெரிக்க மருத்துவரும் அவரது குழுவினரும் 2001இல் நலிவுக்கு 5 அடையாளங்களை வகுத்தார்கள். காரணமின்றி எடை குறைவது, ஓயாத அசதி, கைப்பிடி தளர்வது, நடை மெதுவாவது, உடல் இயக்கம் சுருங்குவது. இவற்றில் 3 இருந்தால் நலிவு. 1 அல்லது 2 இருந்தால் நலிவின் வாசல். நலிந்தவர் ஒருமுறை விழுந்தால் எழுவது பெரும்பாடு. வாசலில் நிற்பவரைப் பெரும்பாலும் திருப்பிக் கூட்டிவர முடியும். அதற்குப் போதிய புரதம் வேண்டும், தசைக்கு வேலை தரும் பயிற்சி வேண்டும்.

நான் வங்கி எழுத்தர். உதவித்தொகை வாங்க வரும் முதியோர் வரிசை என் எதிரில்தான் நிற்கிறது. ஃபிரைடின் 5 அடையாளங்களும் அந்த வரிசையில் நிற்கின்றன. சேரியிலிருந்து வருகிற ஆயாவுக்கு 65தான் ஆகிறது. சுவரைப் பிடித்து நிற்கிறாள், பிறகு தரையில் உட்கார்ந்துவிடுகிறாள். ஊர்த்தெருவிலிருந்து எண்பதைக் கடந்தவர் நிமிர்ந்து நடந்துவந்து டெபாசிட்டைப் புதுப்பித்துப் போகிறார். இதை வெறும் வயசுக் கணக்கு என்று எப்படி ஒத்துக்கொள்வது? யார் உடம்பு எவ்வளவு உழைத்தது, பதிலுக்கு அதற்கு என்ன போடப்பட்டது என்கிற கணக்கு இது. நம் நாட்டில் அந்தக் கணக்கைச் சாதிதான் எழுதுகிறது.

கணக்கையே பார்ப்போம். உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் என்று 2020இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வகுத்தது. முதியோருக்கு 1 முதல் 1.2 கிராம் வரை வேண்டும் என்று 2013இல் பன்னாட்டு நிபுணர் குழு ஒன்று சொன்னது. அம்மா 45 கிலோ. ஆக 45 முதல் 54 கிராம். 2007இல் தொடங்கிய சிறப்புத் திட்டத்தில் ரேசன் அட்டைக்கு மாதம் 1 கிலோ பருப்பு. 4 பேர் உள்ள வீட்டில் தலைக்கு நாளொன்றுக்கு 8 கிராம் வரும். அதில் புரதம் 2 கிராம்கூட இல்லை. 300 கிராம் அரிசியைச் சோறாக்கித் தின்றால் இன்னொரு 20 கிராம் சொச்சம். பாதிக் கிணறுதான் தாண்டுகிறோம்.

மீதிப் பாதி நம் அடுப்பில் இருந்தது. மாட்டுக்கறி, குடல், ரத்தப் பொரியல், கருவாடு, வயல் நண்டு, நத்தை. மாட்டுக்கறி எங்கள் சந்தையில் ஆட்டுக்கறியின் பாதி விலைகூட இல்லை. புரதத்தில் அது ஆட்டுக்கறிக்கு இளைத்ததுமில்லை. இரும்புச்சத்தும் பி12ம் கூடவே வருகின்றன.

இதை அறிவியல் மறுக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. ஐதராபாத் தேசிய உணவூட்ட நிறுவனம் 2024இல் இந்தியர்களுக்கு 17 உணவு வழிகாட்டுதல்களை வெளியிட்டது. அதில் ஒன்று முதியோருக்கானது. அது காட்டும் ஒரு நாள் தட்டில் பருப்பு, முட்டை, இறைச்சி வகை எல்லாம் சேர்ந்து 85 கிராம். அதே நிறுவனத்தின் 2017ஆம் ஆண்டு உணவுச் சத்து அட்டவணையில் மாட்டுக்கறியும் அளந்து எழுதப்பட்டிருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் இருந்த கறி, துண்டறிக்கைக்கு வருகிற வழியில் காணாமல் போகிறது. எடுத்தது யார்? மாட்டிறைச்சிக்கும் தீண்டாமைக்கும் உள்ள உறவை அண்ணல் அம்பேத்கர் 1948இலேயே நூலாக எழுதி வைத்தார். 2015இல் மராட்டிய அரசு காளைக்கும் எருதுக்கும் சேர்த்துத் தடையை விரித்தது. சட்டம் இல்லாத இடத்தில் அருவருப்பு அந்த வேலையைச் செய்கிறது.

நம்மையும் கேட்டுக்கொள்ள வேண்டும். எனக்கு வேலை கிடைத்து நகரத்தில் வாடகைக்கு வீடு பார்த்தபோது, "கவுச்சி கூடாது" என்றார் வீட்டுக்காரர். தலையாட்டினேன். மூன்று வருசமாக அம்மா ரசஞ்சோறு தின்கிறாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. மேடையில் உணவு உரிமை பேசிவிட்டு வீட்டுக்குள் ஊதுவத்தி ஏற்றிக்கொண்டேன். அவள் கை தளர்ந்ததில் எனக்கும் பங்குண்டு. சேரியிலும் கிழவிக்குக் கடைசித் தட்டுதான். "பல்லு இல்ல, ஆயாவுக்குச் சூப்பு போதும்" என்கிறோம். வெறும் சூப்புத் தண்ணியில் புரதம் சொற்பம். கறியைப் பொடியாகக் கொத்தி, குழைய வேகவைத்துக் கொடுக்க வேண்டும். கருவாட்டை ஊறவைத்து உப்பைக் கழிக்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அரசிடம் கேட்க வேண்டியதும் இருக்கிறது. முதியோர் உதவித்தொகையைத் தமிழக அரசு 2023இல் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆக்கியது. அன்றைக்கு நாளொன்றுக்கு 40 ரூபாய். அந்தத் தட்டை 40 ரூபாயில் நிரப்பிக் காட்டச் சொல்லுங்கள். 1982இல் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய சத்துணவு 1983இல் உதவித்தொகை பெறும் முதியோருக்கும் நீண்டது. பிள்ளைகளுக்கு வாரம் 5 முட்டை என்பது 2010இல் வந்தது. அதே மையத்தில் முதியவருக்கும் அந்த 5 முட்டை உரிமையாக வேண்டும். அரசு அச்சடிக்கும் சத்துணவுத் தாளில் மாட்டுக்கறியும் கருவாடும் அவற்றின் பெயராலேயே வர வேண்டும்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. விடுமுறையில் ஊருக்குப் போகும்போது உங்கள் தெருவில் அறுபதைத் தாண்டியவர்களைப் போய்ப் பாருங்கள். அந்த 5 அடையாளங்களையும் கேட்டு எழுதுங்கள். நேற்று என்ன சாப்பிட்டார்கள், யாருக்கு அப்புறம் சாப்பிட்டார்கள் என்றும் எழுதுங்கள். எழுதியதை இதழுக்கு அனுப்புங்கள். அச்சிடுவோம், ஆட்சியர் அலுவலகத்துக்கும் கொண்டுபோவோம்.

நான் வேறு வீடு தேடிக்கொண்டிருக்கிறேன். முன்பணத்துக்கு முன்னால் இந்த முறை கறியைப் பற்றிக் கேட்கிறேன்.