மானுக்கு பிஸ்கட் வேண்டாம் மக்களே!

போன பொங்கல் லீவுக்கு குடும்பத்தோட முதுமலை போனோம். காலையில ஏழு மணி, செம குளிர். தெப்பக்காடு தாண்டி மசினகுடி ரோட்டுல, பனிக்கு நடுவுல ஒரு இருபது புள்ளிமான். அப்பா காரை ஓரங்கட்டினார்.

"பாவம் கண்ணு, வாயில்லா சீவன். காஞ்ச புல்லத் தின்னுட்டு நிக்குது. அந்த பிஸ்கட்ட எடுத்துப் போடு"ன்னு அம்மிச்சி சொன்னாங்க. நானும் போட்டேன். ஒரு மான் கார் கதவு வரைக்கும் வந்துச்சு. தங்கச்சி வீடியோ எடுத்தா. எங்களைப் பார்த்து பின்னாடி இன்னும் ரெண்டு கார் நின்னுச்சு.

அப்போ அங்க வந்த வனக்காவலர் திட்டவே இல்ல. ஒண்ணுதான் சொன்னார்: "அது உங்ககிட்ட வரல சார், காருகிட்ட வருது. அடுத்து வர்ற கார் நிக்காது."

அது சுருக்குன்னு தைச்சது. ரூமுக்கு வந்து கொஞ்சம் படிச்சுப் பார்த்தேன். மானுக்கும் மாடு மாதிரி நாலு அறை வயிறு. புல்லை செரிக்க வைக்கிறது அதுக்குள்ள இருக்கிற நுண்ணுயிரிகள். மாவும் சர்க்கரையும் திடீர்னு நிறைய உள்ள போனா அமிலம் ஏறி, மான் சாகக்கூட செய்யலாம். அந்தக் காஞ்ச புல்தான் அதுக்குப் பழகின சாப்பாடு. நான் போட்ட நாலு பிஸ்கட்டுல ஒண்ணும் ஆகாதுதான். ஆனா லீவு நாள்ல அந்த ரோட்டுல போற எல்லா காரும் நாலு நாலு போட்டா?

"ஜப்பான்ல, நாரா ஊருல எல்லாரும் மானுக்கு பிஸ்கட் குடுக்குறாங்களே"ன்னு ஃப்ரெண்ட் ஒருத்தன் கேட்டான். நியாயமான கேள்வி. அங்க விக்கிறது மானுக்குன்னே அரிசித் தவிடும் கோதுமை மாவும் வச்சு, சர்க்கரை இல்லாம செய்யுறது. அவ்வளவு பார்த்துப் பண்ற ஊருலயே 2019-ல செத்துப்போன ஒரு மானோட வயித்துல 4.3 கிலோ பிளாஸ்டிக் இருந்துச்சு. சாப்பாட்டு வாசனை அடிக்கிற கவரையும் மான் சேர்த்துத் தின்னுடும். அதோட, நாரா பல நூறு வருஷமா மனுஷங்களோடயே மான் திரியுற ஊரு. முதுமலை 2007-லேர்ந்து புலிகள் காப்பகம். இங்க மனுஷனைக் கண்டா மான் ஓடணும். அந்த பயம்தான் அதைக் காப்பாத்தும்.

அப்போ ரசிக்கவே கூடாதா? தாராளமா ரசிக்கலாம். அன்னைக்கு சாயங்காலம் வனத்துறை வண்டியில சஃபாரி போனோம். ஒரு மரத்துமேல கருமந்திக் கூட்டம் இலையைப் பாதி தின்னுட்டு மீதியைக் கீழே போட, மானுங்க நின்னு பொறுக்கித் தின்னுச்சுங்க. புலி, சிறுத்தை வந்தா மேல இருந்து சத்தம் குடுக்கிறதும் அந்தக் குரங்குதானாம். பத்து நிமிஷம் யாரும் பேசல. அப்புறம் அம்மிச்சி மெதுவா சொன்னாங்க: "அதுக்குச் சோறு போட ஆளு இருக்குதாட்ட இருக்குது."

கார்ல இருந்து பிஸ்கட் போட்டதை விட அந்தப் பத்து நிமிஷம்தான் எங்க வீட்டுல இன்னும் பேச்சு.

செமஸ்டர் முடிஞ்சதும் மசினகுடிக்கு பைக் ட்ரிப் போடுற கேங் நம்ம காலேஜ்ல நிறைய இருக்கு. போங்க, நல்லா சுத்துங்க. காட்டு ரோட்டுல மட்டும் வண்டியை நிறுத்தாதீங்க. பையில இருக்கிற பிஸ்கட்டை மசினகுடி டீக்கடையில உட்கார்ந்து நீங்களே சாப்பிடுங்க. கவரை மறக்காம திரும்பப் பையிலயே போட்டுக்கோங்க.