ஆஸ்கர் மீனின் பசி

கண்ணாடியருகே வந்து வாய்திறக்கும் ஆஸ்கர் மீன் பசித்திருக்கிறது, வேட்டை மீனாதலால் அது கேட்கும்போதெல்லாம் உயிர்மீன் போடுவதே இயற்கை என்பது வளர்ப்போர் பலரின் வாதம்.

முதலாவதாக, அப்படி வந்து வாய்திறப்பது பசியின் அடையாளமன்று. உணவிடும் ஆளைக் கண்டு பழகிய மீன், வயிறு புடைத்திருக்கும்போதும் அவ்வாறே வந்து நிற்கும்.

இரண்டாவதாக, மீன் தன் உடலைச் சூடாக வைத்துக்கொள்ள ஆற்றலைச் செலவிடுவதில்லை என்பதால், வளர்ந்த ஆஸ்கருக்கு நாளுக்கு ஒரு வேளையே போதும், வாரத்தில் ஒரு நாள் உணவிடாமல் விடுவதும் கேடன்று. இரண்டு மூன்று வேளை தேவைப்படுவது குஞ்சுப் பருவத்தில்தான். மிஞ்சிய புரதம் எங்கே போகும்? அதிலுள்ள நைட்ரஜன் பெரும்பாலும் அம்மோனியாவாகச் செவுள் வழியே வெளியேறி, அதே நீரில் தேங்கி, அந்தச் செவுளையே புண்ணாக்கும். ஆஸ்கரின் தாயகமான அமேசானில் அதைக் கரைத்துக் கொண்டுபோக ஆறு இருக்கிறது, தொட்டியில் என்ன இருக்கிறது?

மூன்றாவதாக, இயற்கை என்று சொல்லிப் போடப்படும் தங்கமீன் அமேசானுக்குரிய மீனே அன்று. அதன் உடலிலுள்ள தயமினேஸ், அதாவது பி1 வைட்டமினைச் சிதைக்கும் நொதி, அதை மட்டுமே தின்று வாழும் மீனை நாளடைவில் அவ்வைட்டமின் குறைபாட்டுக்கு உள்ளாக்குவதோடு, கடைத்தொட்டியின் ஒட்டுண்ணிகளும் கூடவே வந்துசேரக்கூடும். ஆற்றில் வாழும் ஆஸ்கரோ சிறுமீனோடு பூச்சிகளையும் நத்தைகளையும் தின்கிறது. அந்த இயற்கையை இவ்வாதம் ஏன் கணக்கில் கொள்வதில்லை?