மக்குன்னு சொல்லாதீங்க பாஸ்!

சனிக்கிழமை ஆனா ஹாஸ்டல்லேர்ந்து பையைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பிடறீங்க. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்ட்ல இறங்கி செட்டிகுளம் பக்கமோ, அரியலூர்ல இறங்கி செந்துறைப் பக்கமோ வீட்டுக்குப் போனா, திண்ணையில மூணாவது படிக்கிற தம்பி தமிழ்ப் புத்தகத்தோட முழிச்சிக்கிட்டிருப்பான். 'லை'யா, 'ளை'யான்னு தடுமாறுவான். உடனே நாம எடுத்து விடற டயலாக் என்ன?

"மூணாவது வந்தும் எழுத்துக்கூட்டத் தெரியலையா? சரியான மக்குடா நீ!"

கொஞ்சம் பொறுங்க. அவன் மக்கு இல்லை.

இதைச் சொல்றது உளவியல் ஆய்வாளர் சோனாலி நாக் செய்த ஆராய்ச்சி. பெங்களூரில் 'தி பிராமிஸ் ஃபவுண்டேஷன்' அமைப்பிலும், பிறகு ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்திலும் குழந்தைகளின் மொழி, வாசிப்பு பற்றி ஆராய்ந்தவர். கன்னடம் படிக்கும் குழந்தைகள் பற்றிய அவருடைய ஆய்வு 2007-ல் வெளியானது. எழுத்துக்களை முழுசாகக் கற்றுக்கொள்ள அவர்களுக்கு நாலாவது, அஞ்சாவது வரைகூட ஆகிறது என்பது அதில் தெரிந்தது. மூளை மந்தம் காரணமில்லை. இங்கிலீஷுக்கு 26 எழுத்து. கன்னடத்திலோ உயிர்மெய்ப் படையே நிற்கிறது. சொல்லை அசை அசையாகப் பிரிக்க குழந்தைக்குச் சீக்கிரம் வந்துவிடும். ஆனா 'கி'க்குள்ளே 'க்'கும் 'இ'யும் ஒளிஞ்சிருக்குன்னு பிடிபட நாளாகும்.

நம்ம தமிழும் அதே மாதிரி எழுத்துமுறைதான். மொத்தம் 247! அதிலும் ஒரே 'க', கடல்ல ஒரு மாதிரி, பகல்ல ஒரு மாதிரி, தங்கத்துல இன்னொரு மாதிரி ஒலிக்குது. "வூட்டுக்குப் போறேன்"னு பேசற பையன்கிட்ட புத்தகம் "வீட்டிற்குச் செல்கிறேன்"னு சொல்லுது. பாவம், அவன் எழுத்தோட சேர்த்து கிட்டத்தட்ட இன்னொரு மொழியையும் கத்துக்கிறான்.

சரி, நாம என்ன செய்யலாம்? கொரோனாவால மூடின தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர்லதான் திறந்தது. தமிழ்நாட்டு கிராமங்களில் சுமார் 19,000 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஒரு ஆய்வு, இழந்த படிப்பில் மூணில் ரெண்டு பங்கு ஆறே மாசத்தில் மீண்டதாகச் சொன்னது. அந்த மீட்சியில் சுமார் 24 சதவீதம் 'இல்லம் தேடிக் கல்வி' தன்னார்வலர்களின் மாலை வகுப்பால் வந்தது. பெரிய நிபுணர்கள் இல்லீங்க, பக்கத்துத் தெரு அக்காக்கள்!

அதனால இந்த வாரம் ஊருக்குப் போனா அரை மணி நேரம் ஒதுக்குங்க. "வெங்-கா-யம்"னு கைதட்டிப் பிரிச்சு விளையாடுங்க. ஒரு கதை சொல்லி, அதைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்க. சோளக்காட்டுல என்ன பார்த்தான், சிமென்ட் லாரி எங்கே போகுதுன்னு கேளுங்க. பேச்சு வளர்ந்தா வாசிப்புக்கு அஸ்திவாரம் பலமாகும். பொறுமையா சொல்லிக்கொடுத்தும் ரொம்பத் திணறினா, டீச்சர்கிட்ட பேசுங்க. கண், காது டெஸ்ட்டும் பண்ணிடுங்க.

உங்க வீட்டுல காலேஜ் வாசல் மிதிச்ச முதல் ஆள் நீங்களாவே இருக்கலாம். அம்மா அப்பாவால திருத்த முடியாத நோட்டைத் திருத்த நீங்கதான் இருக்கீங்க. நீங்க 'மக்கு'ன்னா தம்பி அதையும் நம்பிடுவான். "உன்னால முடியும்டா"ன்னு சொல்லிப் பாருங்களேன்... அதையும் நம்புவான்!