ஐந்துக்கு மேல் எண்ணாத முள்
குமராட்சிப் பக்கம் எந்தக் கணினி மையத்தில் பட்டா எடுக்க உட்கார்ந்தாலும் 'சர்வர் ஸ்லோ சார்' என்பதைக் கேட்காமல் எழுந்து வர முடியாது. உடனே புது சர்வர் வாங்கச் சொல்வோம். போஸ்ட்கிரஸ் என்ற தரவுதள மென்பொருள் வேகமெடுத்த கதை வேறு. வட்டிலிருந்து எடுத்த 8 கேபி பக்கங்களை நினைவகத்தில் தேக்கி வைக்கும் இடம் பஃபர். கீழணைத் தண்ணீருக்கு வீராணம் ஏரி மாதிரி. நிரம்பிவிட்டால் எதை வெளியேற்றுவது? 2005 ஜனவரியில் வந்த 8.0 பதிப்பில் ஏஆர்சி என்றொரு கெட்டிக்கார முறை இருந்தது. ஐபிஎம்மின் காப்புரிமை விண்ணப்பம் குறுக்கே வரவே சில மாதங்களில் கழற்றிவிட்டார்கள். நவம்பரில் 8.1 கொண்டுவந்தது எளிய கடிகார முள் முறை: பக்கத்தைத் தொட்டால் ஒரு மதிப்பெண், உச்சம் 5, முள் சுற்றி வரும்போதெல்லாம் ஒன்று குறையும், பூஜ்யமானால் இடம் காலி. எனக்குப் பிடித்தது அந்த உச்சவரம்புதான். பழம்பெருமையைச் சேர்த்துவைத்து யாரும் நாற்காலியை விடாமல் இருக்க முடியாது (நம் கட்சிகள் கவனிக்க). பக்கம் தேடும் செயல்முறைகள் எல்லாம் ஒரே பூட்டுக்குக் காத்து நிற்பதும் குறைந்தது. அந்த நெரிசலை மேலும் குறைக்க, பின்னர் 9.5 பதிப்பில் அமித் கபிலா உள்ளிட்டோர் பஃபர் அட்டவணையின் பிரிவுகளை 16இலிருந்து 128 ஆக்கினார்கள். இத்தனை உழைப்புக்குப் பிறகும் நிறுவியவுடன் பஃபருக்குக் கிடைப்பது வழக்கமாக 128 எம்பிதான். தரவுதளத்துக்கென்றே ஒதுக்கிய இயந்திரமானால் நினைவகத்தில் கால்வாசி கொடுத்துத் தொடங்கலாம் என்கிறது கையேடு. டெண்டர் விடுமுன் அந்த ஒரு வரியைத் திறந்து பாருங்கள், ஐயா.